ஆம்புரோஸின் சாய்ந்த கோடுகள்

அந்தப் படத்தில் கௌபாய்கள் குடிக்கும் விஸ்கி எங்கள் கடையில் போட்ட தே ஓ என்ற கறுப்பு டீ. பால் இல்லை, சீனி குறைவு. பாலைவனத்துக் கள்ளிச்செடிகள் மெத்தைப் பஞ்சில் செய்தவை; தினமும் மாலை நாலு மணி மழையில் நனைந்து தலை தொங்கிவிடும். குதிரைகள் பந்தயத்திலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்டவை. கல்யாணக் காட்சியில் தேவாலய மணி அடித்ததும், பந்தயம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து, மாப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வேலியைத் தாண்டிப் பக்கத்துக் கீரைத் தோட்டத்துக்குள் ஓடிவிட்டன.

இப்படி நூறு துணுக்குகள் எழுதித் தர வேண்டும். பட்டம் வாங்கி இரண்டு வருடம் கழித்து எனக்குக் கிடைத்த வேலை அது. பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில், பழைய ஈயச் சுரங்கத்தின் வெள்ளை மணல் மேட்டில், ஒரு வெளிநாட்டுக் கம்பெனி நகைச்சுவை கௌபாய் படம் எடுத்துப் பத்து வருடம் ஆகிறது. அமெரிக்காவில் இருக்கும் பாலைவனத்தைவிட எங்கள் மணல் மலிவு போலும். பத்தாம் ஆண்டுக்காகப் படத்தை மறுபடி வெளியிடுகிறார்கள். கூடவே, திரைக்குப் பின்னால் நடந்தவற்றைச் சொல்லும் சிறு புத்தகம் ஒன்று. படத்தின் பெயரை நான் எழுதக்கூடாது. அப்படி ஒரு தாளில் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றிப் பிறகு.

துணுக்குகளுக்கு ஒரு விதி இருந்தது. எதையும் இரண்டு பேர் உறுதிப்படுத்த வேண்டும், அல்லது ஒரு தாள் ஆதாரம் வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். பல்கலைக்கழகம் எனக்கு ஒழுங்காகச் சொல்லித் தந்தது ஒன்றுதான்: யார் எதைச் சொன்னாலும் ‘ஆதாரம் எங்கே’ என்று கேட்பது. வீட்டில் அதைக் கேட்டால் அத்தாவுக்குக் கோபம் வரும். இங்கே அதற்குச் சம்பளமே தந்தார்கள்.

நாற்பத்தோராவது துணுக்கில்தான் ஆம்புரோஸ் வந்தார்.

அவர் எனக்குப் புதியவர் இல்லை. சிலிபினில் எங்கள் சாப்பாட்டுக் கடைக்குத் தினமும் காலை ஏழு மணிக்கு வருவார். அறுபத்திரண்டு வயது. பக்கத்து மரச்சாமான் கிடங்கில் ஜாகா வேலை, அதாவது காவல். வேலை முடிந்து நேராக வந்து, கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, நுரை பொங்க ஆற்றிய பால் டீ, ஒரு தே தாரிக் குடிப்பார். எழுந்து போகும்போது இடுப்புப் பையை இரண்டு தட்டு தட்டிப் பார்த்துக்கொள்வார், சாவி இருக்கிறதா என்று.

கடைக்கு வருகிற எல்லோருக்கும் அவர் கௌபாய்தான்.

“கௌபாய் வந்தாச்சு! குதிரைய எங்கண்ணே கட்டினீங்க?” என்பார் என் அத்தா நஜ்முதீன், கல்லாவிலிருந்து.

“வெளிய நிக்குது பாய். அதுக்குப் புல்லு போடு, எனக்கு டீ போடு.”

படத்தில் ஒரு காட்சி உண்டு. ஒரே திருடன் சிறையிலிருந்து திரும்பத் திரும்பத் தப்பிக்கிறான். ஒவ்வொரு முறையும் ஷெரீப் மரத்தூணில் கத்தியால் ஒரு கோடு போடுகிறார். திரையில் முகம், பிறகு கை, பிறகு முகம். கோடுகள் கூடக்கூட ஷெரீபின் மீசை தொங்கும். உலகமெல்லாம் சிரித்த காட்சி.

“அந்த முகம் அந்த ஆளுது. கை என்னோடது,” என்பார் ஆம்புரோஸ்.

“உங்க கை கரிக்கட்ட மாதிரி இருக்கு. படத்துல வெள்ளக்காரன் கைலா,” என்று யாராவது சொல்வார்கள். கடை சிரிக்கும். அவரும் சிரிப்பார். சில நாள் சிரிக்காமல் எழுந்து போவார்.

நான் துணுக்கு எழுதுகிறேன் என்று தெரிந்த அன்று அவர் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

“பாப்பா, உன் புத்தகத்துல ஒரு வரி. ‘இது ஆம்புரோஸ் கை.’ அவ்வளவுதான். இருபத்திரண்டாம் தேதிக்குள்ள.”

“ஏன் அங்கிள், அன்னிக்கு என்ன?”

“என் மவன் கல்யாணம்.”

மீதியை அத்தா பிறகு சொன்னார். படம் வந்தபோது மகன் கேப்ரியலுக்குப் பதினெட்டு வயது. அப்பா கை படத்தில் வருகிறது என்று சொல்லிப் பதினொரு நண்பர்களைத் தியேட்டருக்குக் கூட்டிப்போயிருக்கிறான். கை வந்தது, வெள்ளையாக. கடைசியில் பெயர்கள் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். ஆம்புரோஸ் என்று ஒரு பெயர் இல்லை. ‘உங்கப்பா கைய ஐஸ்பெட்டில வெச்சிருந்தாரா?’ என்று ஆறு மாதம் கேட்டார்களாம். அன்றிலிருந்து அப்பா பொய் சொன்னார் என்பதில் கேப்ரியலுக்குச் சந்தேகமே இல்லை. அப்பா எது சொன்னாலும், மழை வருகிறது என்று சொன்னால்கூட, வெளியே போய்ப் பார்ப்பான். இப்போது கல்யாணத்துக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தான்: பெண் கேரன் வீட்டார் முன்னால் அந்தப் படக் கதையை எடுக்கக்கூடாது.

நான் கைப்பேசியில் பதிவை ஓடவிட்டு, “முதல்லேர்ந்து சொல்லுங்க அங்கிள்,” என்றேன்.

அவர் கைப்பேசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“நான் அங்க ஜாகாவா இருந்தேன். வேற ஒண்ணும் இல்ல,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் அவரே வந்து, அது தன் கைதான் என்றார். அதற்கு அடுத்த நாள், யார் கை என்று சரியாக ஞாபகம் இல்லை என்றார். பொய் சொல்கிறவர்களைப் பற்றி நான் படித்ததெல்லாம் அவருக்குப் பொருந்தியது. குறிப்பேட்டில் ‘ஆ. - மாற்றி மாற்றிப் பேசுகிறார்’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அந்த அடிக்கோடு எனக்குக் கொஞ்சம் சந்தோஷத்தைக்கூடத் தந்தது. இப்போது அதை ஒத்துக்கொள்ளக் கஷ்டமாக இருக்கிறது.

ஆனாலும் விதி விதிதான். தாள் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி எல்ஸி கதவைப் பாதி திறந்தார்.

“எந்தக் கம்பெனிலேர்ந்து வந்திருக்க?”

“நஜ்முதீன் பாய் மக, ஆன்ட்டி. இஃபத்.”

“அது தெரியும்லா. எந்தக் கம்பெனி அனுப்பிச்சுன்னு கேக்கறேன்.”

பிஸ்கட் டின்னிலிருந்து அவர் எடுத்துத் தந்தது ஆங்கிலத்தில் நாலு பக்கம். கடைசிப் பக்கத்தில் ஆம்புரோஸின் கையெழுத்து, பள்ளிப் பிள்ளை எழுதியதுபோல ஒவ்வொரு எழுத்தாக. ஆம்புரோஸ் அறை வாசலிலேயே நின்றார். நான் படிப்பதை, கத்தி வைத்திருப்பவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“அதுல என்னா போட்டிருக்குன்னு தெரியுமா பாப்பா? வெளிய சொன்னா கேஸ். ஜெயிலு. கையெழுத்து வாங்கின பொண்ணு சொல்லிச்சு. அப்ப என் மவன்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். அவன் பதினொரு பேருகிட்ட சொல்லிட்டான். கடையில சொல்றது வெளையாட்டு, யாரும் நம்பறதில்ல; கம்பெனியே புத்தகத்துல போட்டா கேஸ் இல்ல; ஆனா உன் போன்ல பதிஞ்சா அது சாட்சிலா.”

அப்போதுதான் புரிந்தது. அவர் மாற்றி மாற்றிப் பேசியதற்குக் காரணம் என் கைப்பேசி. கம்பெனி என்னை அனுப்பி அவர் வாயைக் கிளறிப் பார்க்கிறது என்று நினைத்திருக்கிறார். நினைத்ததில் பாதி உண்மைதானே? நான் கம்பெனி அனுப்பிய ஆள்தான்.

மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தேன். “அங்கிள், இது அஞ்சு வருஷத்துக்குத்தான். முடிஞ்சு அஞ்சு வருஷம் ஆச்சு. நீங்க யார்கிட்டயும் சொல்லலாம்.”

அவர் நம்பவில்லை. எல்ஸிதான் சுவரில் சாய்ந்து மெதுவாக உட்கார்ந்தார். “அஞ்சு வருஷம் சும்மாவே பயந்து செத்தோமா?” என்றார்.

ஆனால் அதே தாளில், வேலை என்ற இடத்தில் ‘பொது வேலையாள்’ என்றுதான் இருந்தது. கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் படப்பிடிப்பில் இருந்தார் என்பதற்கு ஆதாரம் கிடைத்தது. கைக்கு இல்லை. பயந்த மனிதர் பொய்யே சொல்ல மாட்டார் என்று யார் சொன்னது?

வீட்டுக்கு வந்து என் ஒப்பந்தத்தைக் கணினியில் திறந்தேன். பதினொரு பக்கம். எல்லாப் பக்கத்தையும் படித்தது அன்றுதான் முதல் தடவை. நான் சேகரிப்பதெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். புத்தகத்தில் என் பெயர் வராது. கீழே, ‘ஏற்கிறேன்’ என்ற கட்டத்தை நான் அழுத்திய தேதி. அவருக்காவது ஆங்கிலம் தெரியாது. எனக்கு என்ன சாக்கு?

அன்று அவர் வீட்டில், எல்ஸி அதட்டிய பிறகு, அவர் பதிவுக்கு முன்னால் உட்கார்ந்து முழுக்கச் சொன்னது இது.

பிறந்தது ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். பதினாலு வயதில் பால்வெட்டுக் கத்தியைப் பிடித்தார். ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம், இருபத்திரண்டு வருடம். பிறகு ரப்பரை அழித்து, எண்ணெய்க்காகச் செம்பனை போட்டார்கள். நீளக் கழியை அண்ணாந்து பிடித்துக் குலை வெட்ட அவர் கழுத்து ஒத்துழைக்கவில்லை. சிலிபினில் இருந்த எல்ஸியின் அண்ணன் வீட்டுக்கு வந்தார்கள். லாரியில் கூட்டாள், கையுறைத் தொழிற்சாலை, பிறகு ஜாகா. அந்த வரிசையில் ஒன்றுதான் சினிமா. மணல் மேட்டில் போட்டிருந்த பொய் ஊருக்குக் காவல். “முன்பக்கம் வீடு, பின்பக்கம் பலகை. அத யாரு திருடுவான்?” என்றார்.

ஒரு நாள் நடிகரின் கையைக் கொசு கடித்து வீங்கிவிட்டது. தார்ப்பாய்க் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்த ஆம்புரோஸின் கையை டைரக்டர் பார்த்தார். தடித்த, காய்ப்புக் காய்ச்சிய கை. கூப்பிட்டு உட்காரவைத்து, முழங்கை வரை வெள்ளை பூசினார்கள். வேர்வையில் கரையக் கரைய மறுபடி பூசினார்கள்.

“கோடு போடச் சொன்னாங்க. போட்டேன். டைரக்டர் கத்தினான். மறுபடி போட்டேன். மறுபடி கத்தினான். பதினோரு தடவ. அப்புறம் மழ வந்திடுச்சு. போதும்னுட்டான்.”

“ஏன் கத்தினாரு?”

“தெரியல. என்னமோ ‘ஸ்ட்ரெய்ட், ஸ்ட்ரெய்ட்’ன்னான். நேராத்தான் போட்டேன்.”

என் காதுக்குள் ஏதோ தட்டியது. நாற்பத்தோராவது துணுக்கை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

அது படத்தின் ரசிகர்கள் கண்டுபிடித்த தவறு. ஷெரீபின் முகம் தெரியும்போது தூணில் கோடுகள் செங்குத்தாக இருக்கின்றன. கை மட்டும் தெரியும்போது நாலு கோடு சாய்ந்திருக்கின்றன, இடது மேலிருந்து வலது கீழாக, நாலும் ஒரே சாய்வில். ஷெரீப் குடித்திருக்கிறார் என்று ஒருவர் எழுதியிருந்தார். கோடு போடுவதற்கு முன்னால் கை ஏன் இடுப்புக்குப் போகிறது என்று இன்னொருவர். துப்பாக்கியை எடுக்கப் போகிறார், அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள் என்று மூன்றாமவர். கம்பெனி இதற்கு ஒரு விளக்கம் கேட்டிருந்தது.

மறுநாள் காலை ஆம்புரோஸைக் கடையின் பின்பக்கம் கூட்டிப்போனேன். பழைய கொட்டகையின் மரத்தூண் ஒன்று அங்கே இருந்தது. சமையல் கத்தியைக் கையில் கொடுத்தேன்.

“இதுல ஒரு கோடு போடுங்க அங்கிள்.”

“எதுக்கு?”

“சும்மா.”

“சும்மாவா? நேத்து தாளப் படிச்ச, இன்னிக்குக் கத்தி கொடுக்கற. நாளைக்கு யாரு வருவா, போலீஸா?”

அத்தா பின்கதவில் வந்து நின்றார். “வெட்டுண்ணே! தூணு நம்ம தூணுதான், கேஸ் போட மாட்டேன்.”

ஆம்புரோஸ் தூணுக்கு முன்னால் போய் நின்றார். முதலில் கத்தியால் வெட்டவில்லை. கட்டைவிரலால் எதையோ உரிப்பதுபோல மரத்தைத் தடவி, உரிக்காத அந்த ஒன்றை இடுப்பில் போட்டு, இரண்டு தட்டு தட்டினார். பிறகு கத்தியைத் தலைக்கு மேல் இடப்பக்கம் வைத்து, தன்னை நோக்கி இழுத்தபடி, தூணைச் சுற்றி ஓரடி பின்னால் நகர்ந்தார். ஒரே இழுப்பு. சாய்ந்த கோடு. கொஞ்சம் கீழே இன்னொன்று. அதே சாய்வு.

“நேரா போடுங்க அங்கிள்.”

“நேராத்தானே இருக்கு?”

அத்தாதான் சொன்னார், இந்தத் தடவை சிரிக்காமல். “இது பால் வெட்டற கைம்மா. மொதல்ல பழைய கோட்டுல காய்ஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கற பால உரிச்சு இடுப்புப் பையில போடுவாங்க. அப்புறம் வெட்டு. கோடு சாய்ஞ்சாத்தான் பாலு ஓடிக் கீழ கட்டியிருக்கற மங்குக் கிண்ணத்துல விழும். தோட்டத்துக்குச் சாமான் கொண்டுபோறப்ப தெனமும் பாத்திருக்கேன்.”

ஆம்புரோஸ் தூணைப் பார்த்துக்கொண்டே நின்றார். பதினோரு தடவை ஏன் கத்தினார்கள் என்று அவருக்குப் பத்து வருடம் கழித்துத் தெரிந்தது. “அடப்பாவி,” என்றார், டைரக்டரையா தன் கையையா என்று தெரியவில்லை.

நான் எல்லாவற்றையும் படம் பிடித்திருந்தேன். இரண்டு பக்கம் எழுதிக் கம்பெனிக்கு அனுப்பினேன். அனுப்பிய பிறகும் எனக்குள் ஒருத்தி கேட்டுக்கொண்டே இருந்தாள்: படத்தைப் பார்த்துப் பார்த்து அவர் அப்படி வெட்டப் பழகியிருந்தால்?

மூன்று நாளில் பதில் வந்தது. தன் கைதான் என்று நடிகர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறாராம். பெயர் போட முடியாது. கடைசியாக அவர்கள் ஏற்றுக்கொண்ட வரி: ‘இக்காட்சியில் தெரியும் கை உள்ளூர்த் தொழிலாளி ஒருவருடையது என்று சொல்லப்படுகிறது.’ சொல்லப்படுகிறது! சொன்னது நான். அதிலும் என் பெயர் இல்லை.

இருபத்திரண்டாம் தேதிக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த வரியை ஆம்புரோஸிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கேப்ரியல் கடைக்கு வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றாமலே என் மேசைக்கு எதிரில் நின்றார்.

“எங்கப்பாவ வெச்சு என்ன பண்றீங்க?”

“உக்காருங்கண்ணே.”

“உக்கார வரல. வீட்டுல ஒரே பேச்சு. புத்தகத்துல வருதாம், தூணுல கோடு போட்டாராம். அவருக்கு ஏத்தி விடாதீங்க. கல்யாணத்துல அந்தக் கதைய எடுத்தாருன்னா நான்தான் தலைகுனியணும்.”

வாதம் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. கைப்பேசியை மேசையில் வைத்தேன். முதலில் படத்தின் காட்சி, பிறகு எங்கள் தூண்.

அவர் பார்த்தார். “பால் வெட்டறவங்க எல்லாரும் இப்படித்தான் வெட்டுவாங்க. எங்க பெரியப்பாவும் இப்படித்தான். அந்த எடத்துல பழைய தோட்டத்து ஆளு எத்தன பேரு வேல செஞ்சாங்க? விசாரிச்சீங்களா?”

விசாரிக்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. பட்டதாரி நான்; கேட்டது அவர்.

“இல்லண்ணே. தெரியல.”

“அப்புறம் என்ன ஆதாரம்?” என்று சொல்லிக் கைப்பேசியைத் தள்ளப் போனவர், நிறுத்தினார். தலைக்கவசத்தைக் கழற்றினார். “மறுபடி போடுங்க. படத்த.”

போட்டேன். வெள்ளைக் கை மரத்தைத் தடவியது, இடுப்புக்குப் போனது.

“இன்னொரு தடவ.”

நாலாவது தடவைதான் அவர் எதைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. இடுப்புக்குப் போன கை, அங்கே இரண்டு தட்டு தட்டியது. ஷெரீப் துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்கிறார் என்று ரசிகர்கள் எழுதிய இடம்.

கேப்ரியல் உட்கார்ந்துவிட்டார். “மோட்டாருல பின்னாடி உக்காந்து ஸ்கூலுக்குப் போவேன்,” என்றார். “கிளம்பறதுக்கு முன்னாடி இப்படித்தான் தட்டுவாரு. ரெண்டு. எப்பவும் ரெண்டு. என் முட்டில இடிக்கும்.”

அத்தா கொண்டுவந்து வைத்த தேநீரில் ஆடை படிந்தது. எழுந்து போகும்போது, “ரெண்டையும் எனக்கு அனுப்புங்க,” என்றார்.

இரண்டு நாள் கழித்து ஆம்புரோஸ் வந்தார். தன் மேசைக்குப் போகாமல் என் எதிரில் உட்கார்ந்தார். புத்தகத்தில் வரப்போகும் வரியைச் சொல்லிவிட்டேன், ‘சொல்லப்படுகிறது’ உட்பட. அவர் தலையை ஆட்டினார். அவர் நினைப்பு வேறு எங்கேயோ இருந்தது.

“அது கெடக்கட்டும். என் மவன்கிட்ட என்னா சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல அங்கிள். ஏன்?”

“நேத்து வந்து பக்கத்துல உக்காந்தான். கேரன் வீட்டுக்காரங்க வரும்போது அந்தப் படத்தப் போடுவோம், நீங்களே சொல்லுங்கப்பாங்கறான். பத்து வருஷமா வாயத் தொறக்காதன்னவன்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “என்னமோ திட்டம் வெச்சிருக்கான்லா.”

“சொல்லப் போறீங்களா?”

அவர் மேசையில் கிடந்த என் கைப்பேசியைப் பார்த்தார். அது அணைந்திருந்தது. அதைத் திருப்பி, குப்புற வைத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து, நாலாக மடித்த அந்த நாலு பக்கத்தை எடுத்து என் முன்னால் விரித்தார்.

“அஞ்சு வருஷம்னுதானே போட்டிருக்கு? நல்லாப் பாத்தியா? இன்னொரு தடவ படி. மொதல்லேர்ந்து.”

படித்தேன், முதல் வரியிலிருந்து, தமிழில் ஒவ்வொன்றாகச் சொல்லி. அவர் ஒரு வரியையும் விடவில்லை. கையெழுத்து வரைக்கும் வந்ததும் தாளை வாங்கி மடித்து இடுப்புப் பையில் வைத்தார். இரண்டு தட்டு தட்டினார்.

“சரி,” என்றார். “அப்ப சொல்லலாம்.”